எழும் இடமும் எண்ணும் இடமும்: ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில்தடமும் நீதிமன்ற நிர்வாக அமைப்பும்

நீதிமன்றத் தாமதம் குறித்த நம் விவாதங்கள் பெரும்பாலும் காலியாக உள்ள நீதிபதிப் பணியிடங்களில் தொடங்கி நிலுவை எண்ணிக்கையில் முடிகின்றன. வழக்கை வாங்கி, எண் கொடுத்து, சம்மன் அனுப்பி, நகல் வழங்கி, வழக்குக் கட்டைப் பாதுகாக்கும் அலுவலகம் இவ்விரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. அதன் அமைப்பை ஆராய்பவர்கள் குறைவு. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரையிலான தொழில்தடத்தை அந்த அலுவலகத்தின் கண்கொண்டு பார்த்தால் அடிப்படையான ஒரு குறை வெளிப்படுகிறது. கால் நூற்றாண்டில் நாட்டின் பெரும் உற்பத்திக் களங்களுள் ஒன்றாகிவிட்ட இந்த இடம் நீதிமன்றக் கணக்கில் ஓர் இடமாகவே இல்லை. ஆகவே, இதற்கு எத்தனை நீதிமன்றங்களும் ஊழியர்களும் தேவை என்ற கேள்விக்கு விடை சொல்லும் நிலையில் நிர்வாகம் இல்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் அமைப்பு. 1862இல் தொடங்கிய சென்னை உயர் நீதிமன்றத்தின் அலுவலர்களை நியமிக்கும் அதிகாரத்தை அரசியலமைப்பின் 229ஆம் உறுப்பு தலைமை நீதிபதியிடம் தருகிறது. மாவட்ட, கீழமை நீதிமன்றங்களின் மீதான கட்டுப்பாட்டை 235ஆம் உறுப்பு உயர் நீதிமன்றத்திடம் ஒப்படைக்கிறது. நடைமுறையில் இவ்விரு அதிகாரங்களும் தலைமைப் பதிவாளரின் மேசையில் சந்திக்கின்றன. அவர் மாவட்ட நீதிபதி நிலையிலுள்ள நீதித்துறை அலுவலர். அவருக்குக் கீழே நீதிப்பணி, நிர்வாகம், விழிப்புப்பணி, மாவட்ட நீதித்துறை, தகவல் தொழில்நுட்பமும் புள்ளிவிவரமும் எனப் பிரிவுக்கொரு பதிவாளர். ஒவ்வொரு மாவட்டத்துக்கும் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் நிர்வாகப் பொறுப்பு ஏற்கிறார். மாவட்டத்தில் முதன்மை மாவட்ட நீதிபதி. அவரது அலுவலகத்தில் சிரஸ்தார், ஹெட் கிளார்க், நாசர், பெஞ்ச் கிளார்க், நகல் பிரிவு, ஆவணக் காப்பறை, அமீனா.

பணம் வரும் வழி வேறு. உயர் நீதிமன்றத்தின் நிர்வாகச் செலவு மாநிலத் தொகுப்பு நிதியின் மீது சுமத்தப்பட்டது. சட்டமன்றத்தின் வாக்கெடுப்புக்கு உட்படாதது. கீழமை நீதிமன்றங்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அங்கே புதிய பணியிடம் வேண்டுமென்றால் அரசாணை வர வேண்டும். கட்டடம் வேண்டுமென்றால் பொதுப்பணித் துறை வர வேண்டும். இதோடு ஒப்பிட, அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களின் வரவு செலவு 1939 வரை நீதித் துறை அமைச்சகத்தின் கையில் இருந்தது. அந்த ஆண்டுச் சட்டம் நீதிமன்றங்களுக்கெனத் தனி நிர்வாக அலுவலகத்தை நிறுவியது; நீதிமன்றங்களின் புள்ளிவிவரம் திரட்டும் வேலையும் அதே அலுவலகத்துக்கு வந்தது. பணம் கேட்பவரே எண்ணிக்கை காட்ட வேண்டும் என்ற தெளிவு அதில் இருக்கிறது. நம்மிடம் கேட்பது உயர் நீதிமன்றம், கொடுப்பது அரசு. இத்தகைய ஏற்பாட்டில் கேட்பவருக்கு இருக்கும் ஒரே வலிமை துல்லியமான கணக்கு. அதில்தான் ஓட்டை.

இந்தத் தொழில்தடத்தையே பார்ப்போம். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை 2010இல் திறக்கப்பட்டது. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. இந்த எழுச்சியும் வீழ்ச்சியும் வழக்குகளாக மாறாமல் இருக்க முடியாது. ஆனால் அவை எங்கே போகின்றன?

மாநிலத் தொழில் வளர்ச்சி நிறுவனமான சிப்காட்டுக்காக நிலம் எடுத்ததை எதிர்ப்பவர் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடுகிறார். இழப்பீடு போதாது என்பவர் வேறு மன்றத்துக்குப் போகிறார். மாநிலத்தின் தொழில் நோக்க நிலம் கையகப்படுத்தல் சட்டமே 2019 ஜூலையில் உயர் நீதிமன்றத்தில் விழுந்து, அதே ஆண்டு சட்டமன்றத்தால் மீட்கப்பட்டு, 2021 ஜூனில் உச்ச நீதிமன்றத்தில் நிலைபெற்றது. வேலைநீக்கத் தகராறு தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போகும். வேலையின்போது கை போனால் இழப்பீட்டைத் தீர்மானிப்பவர் தொழிலாளர் துறை அதிகாரி. அது நீதிமன்றக் கணக்கிலேயே ஏறாது. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் லாரி மோதி இறந்த இளைஞரின் குடும்பம், தான் வசிக்கும் ஊரின் தீர்ப்பாயத்திலேயே மனுச் செய்ய மோட்டார் வாகனச் சட்டம் இடம் தருகிறது. குடும்பம் ஒடிசாவில் இருந்தால் வழக்கும் ஒடிசாவில். உதிரிபாகம் செய்து கொடுத்த சிறு பட்டறைக்காரருக்குத் தரப்பட்ட காசோலை திரும்பினால், 2015ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அவர் கணக்கு வைத்திருக்கும் வங்கிக் கிளை எங்கே உள்ளதோ அங்கேதான் வழக்கு. கணக்கு அம்பத்தூரில் இருந்தால் வழக்கும் அந்தப் பக்கம் போய்விடும். விபத்தில் இறந்தவரின் குடும்பத்துக்கு அருகிலேயே நீதி கிடைக்க வேண்டும் என்ற நோக்கத்தை நான் மறுக்கவில்லை. அது நல்ல சட்டம். ஆனால் தடத்தின் சுமை முழுவதும் எங்கும் ஒன்றாகத் தெரியாமல் போவது அதன் விளைவு.

சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பர் 9 அன்று தொடங்கி அக்டோபர் நடுவில் முடிந்த வேலைநிறுத்தம் இதற்குச் சரியான சான்று. நிறுவனம் போராட்டத்துக்குத் தடை கேட்டது மாவட்ட நீதிமன்றத்தில். தொழிற்சங்கப் பதிவுக்கான வழக்கு உயர் நீதிமன்றத்தில். சமரசப் பேச்சு தொழிலாளர் துறையில். ஒரே ஆலை வாசலில் எழுந்த ஒரே தகராறு எந்த அட்டவணையிலும் ஒன்றாகப் பதிவாகவில்லை.

கணக்கில் உள்ள இந்த இடைவெளி மேசை மட்டத்தில் என்ன செய்கிறது என்பதற்குச் சம்மன் ஒன்றே போதும். சம்மன் அனுப்புவதற்கான கட்டணமான பேட்டாவை வாதி கட்டுகிறார். சம்மன் நாசர் பிரிவுக்குப் போய், அங்கிருந்து அதை நேரில் கொண்டுபோய்க் கொடுக்கும் அமீனா கைக்கு வருகிறது. பிரதிவாதியின் விலாசமாக ஒரகடத்தில் ஒப்பந்தக்காரர் எடுத்த விடுதியின் பெயர் இருக்கும். அமீனா போகும் பகல் வேளையில் அறையில் இருப்பவர் இரவுப் பணி முடித்துத் தூங்குபவர். தேடப்படுபவர் ஒப்பந்தம் முடிந்து வேறு ஆலைக்குப் போயிருப்பார். ‘விலாசத்தில் இல்லை’ என்று எழுதிக் கட்டு திரும்பும். அடுத்த வாய்தா, மறுபடி பேட்டா. அமீனாவைக் குறை சொல்வது அநியாயம். நிலையான வீடும் தெருவும் உள்ள தாலுகாவுக்கு வகுத்த வேலைமுறையை, ஆறு மாதத்துக்கொரு முறை ஆள் மாறும் விடுதிகளில் அவர் செய்துகொண்டிருக்கிறார். இப்படித் திரும்பிய சம்மன்கள் இந்தப் பகுதியில் எத்தனை என்று தனியே எண்ணினால்தான் இங்கே வேறு முறை தேவை என்று மேலே எழுதிக் கேட்க முடியும்.

இதை மேலாளர்களிடம் விட்டால் போதாதா? நிர்வாகப் பயிற்சி பெற்ற நீதிமன்ற மேலாளர்களை நியமிக்க 13ஆம் நிதிக் குழு 2010இல் பணம் ஒதுக்கியது. அவர்களுக்குப் பணி விதிகள் வகுக்குமாறு உயர் நீதிமன்றங்களுக்கு உச்ச நீதிமன்றம் 2025 மே மாதத்திலும் உத்தரவிட வேண்டியிருந்தது. பதினைந்து ஆண்டுகள் கழிந்தும் பதவியின் அடித்தளமே உறுதியாகாதது வருத்தத்துக்குரியது. ஆனால், மேலாளர் வந்தாலும் அவர் கையில் இதே எண்ணிக்கைதான் இருக்கும். தேசிய நீதித்துறைத் தரவுத் தொகுப்பில் நிலுவையை மாவட்டம், நீதிமன்றம், வழக்கு வகை, வழக்கின் வயது என்று பிரித்துப் பார்க்கலாம். வழக்கு எழுந்த இடத்தைக் கொண்டு பார்க்க வழியில்லை.

‘தொழில்தடத்துக்குத் தனி நீதிமன்றம் கேட்கிறீர்களா?’ என்று ஒரு மறுப்பு வரலாம். இல்லை. எல்லையை மாற்றினால் இப்போதுள்ள குழப்பத்தோடு இன்னொன்று சேரும். 2019 நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரிந்தபோதே எல்லை மாற்றம் என்ன விலை கேட்கும் என்பதைக் கண்டோம். நான் கேட்பது கணக்கை மட்டும். வழக்குமூலம் எப்போது எழுந்தது, இந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் எப்படி வருகிறது என்று வழக்குரையில் எழுத வேண்டும் என்பது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 7ஆம் கட்டளை. அதிகார எல்லையைச் சரிபார்க்க வேண்டித் தாக்கல் பிரிவு எழுத்தர் அந்தப் பத்தியைத் தினமும் படிக்கிறார். சரிபார்த்ததும் இடப்பெயர் கட்டுக்குள் முடங்கிவிடுகிறது. அதே பத்தியில் உள்ள கிராமத்தின் பெயரையோ சிப்காட் வளாகத்தின் பெயரையோ எண் கொடுக்கும்போதே கணினியில் ஏற்றித் திரட்டுவதற்குச் சட்டத் திருத்தம் வேண்டாம், புதிய பணியிடம் வேண்டாம். தொழிலாளர் துறை தன் இழப்பீட்டு மனுக்களை இதே முறையில் எண்ணித் தந்தால் கணக்கு இன்னும் முழுமையாகும்.

சென்னை உயர் நீதிமன்றத்தின் தகவல் தொழில்நுட்ப, புள்ளிவிவரப் பிரிவு இதைக் காஞ்சிபுரம் மாவட்டத்தில் சோதனையாகத் தொடங்கி, ஓராண்டுக் கணக்கை மாவட்டப் பொறுப்பு நீதிபதியின் முன் வைக்க வேண்டும்.