கத்தியும் சிக்கனமும்: தமிழில் கொலைத் திகில் படங்கள்

முகம் தெரியாத கொலைகாரன் ஒரு வீட்டில் இருப்பவர்களை ஒவ்வொருவராகத் தீர்த்துக்கட்டும் கதை 1960களிலேயே தமிழ்த் திரைக்கு வந்துவிட்டது. ஏ.சி. திருலோகசந்தரின் ‘அதே கண்கள்’ (1967) படத்தில் முகமூடிக்காரன் ஒரு குடும்பத்தையே துரத்துகிறான். ஆனால் அது ஏவி.எம். தயாரித்த வண்ணப்படம்; பாட்டுக்கும் நகைச்சுவைக்கும் ரவிச்சந்திரனின் ஆட்டத்துக்கும் அதில் குறைவில்லை. சிக்கனப் படத்துக்கு முன்னோடி என்றால் வீணை எஸ். பாலசந்தரின் ‘நடு இரவில்’ (1970) படத்தைத்தான் சொல்ல வேண்டும். அகதா கிறிஸ்டி பாணிக் கதை, ஒதுக்குப்புறமான ஒரு பங்களா, சொத்துக்காகக் கூடும் உறவினர்கள், கறுப்பு வெள்ளை நிழல்கள். இசையும் இயக்குநருடையதே. காதல் நாயகனைத் தூக்கிப் பிடிக்க வேண்டிய கட்டாயம் இல்லாததால், அடுத்து யார் சாவார் என்று கடைசிவரை ஊகிக்க முடிவதில்லை.

இத்தகைய படங்கள் பிழைத்தது சென்னையில் அல்ல, விநியோக ஏரியாக்களில். தமிழ்நாட்டைச் சினிமா வியாபாரம் தனக்கென்று கூறுபோட்டு வைத்திருந்தது. திருச்சி, தஞ்சாவூர் வட்டாரம் ‘டி.டி. ஏரியா’. நட்சத்திரம் இல்லாத படத்தைக் குறைந்த விலைக்கு வாங்கி, சில பிரிண்டுகளை மட்டும் எடுத்து, படப்பெட்டியை ஊர் ஊராக அனுப்பிப் போட்ட பணத்தை எடுப்பார்கள். திருச்சிக்குப் படம் காட்டும் தொழிலில் நீண்ட மரபு உண்டு. இங்கே ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் வாங்கித் தொழிலில் இறங்கியது 1905இல். பின்னாளில் திருச்சியின் பாலக்கரைப் பகுதி இந்த வியாபாரத்துக்கு வாகான இடமாக அமைந்தது. ஒரு பக்கம் இரவெல்லாம் லாரி இறங்கும் காந்தி மார்க்கெட், இன்னொரு பக்கம் ரயில்வே ஜங்ஷன், கிழக்கே பொன்மலைப் பணிமனை என்று ராத்திரியிலும் ஆள் நடமாட்டம் உள்ள பகுதி அது. குடும்பத்தோடு பார்க்க முடியாத படத்துக்கு இரண்டாம் ஆட்டமே உயிர் என்பதால் இந்த நடமாட்டம் முக்கியம். பாலக்கரை நாற்சந்தியே பிரபாத் தியேட்டரின் பெயரால் ‘பிரபாத் ரவுண்டானா’ என்று வழங்குகிறது.

வியாபாரத்தை விட்டுப் படங்களுக்கே திரும்பினால், 1978 அக்டோபர் 25 அன்று அமெரிக்காவில் ஜான் கார்பென்டரின் ‘ஹாலோவீன்’ வெளியானது. ஏறக்குறைய மூன்று லட்சம் டாலரில், மூன்று வாரத்தில் எடுத்த படம்; கொலைகாரனின் முகமூடி கடையில் மலிவாக வாங்கி வெள்ளையடித்தது. மூன்றே நாள் கழித்து, அக்டோபர் 28 அன்று, பாரதிராஜாவின் ‘சிகப்பு ரோஜாக்கள்’ வந்தது. ஒன்று மற்றொன்றைப் பார்த்திருக்க வழியே இல்லை. ஆனாலும் இரண்டுக்கும் உள்ள வேற்றுமை கவனிக்கத்தக்கது. ஹாலோவீனில் கொல்கிறவனுக்குக் காரணமே கிடையாது. சிகப்பு ரோஜாக்களில் காரணம் தேவைக்கு மேலேயே கிடைக்கிறது. கமல்ஹாசன் ஏற்ற திலீப், சிறுவயதில் ஒரு பெண் சுமத்திய பொய்ப் பழியால் கெட்டுப்போனவன். அவனை வளர்த்த மனிதரும் பெண்களை வெறுப்பவர். தோட்டத்து ரோஜாச் செடிகளுக்கு அடியில் பிணங்கள் கிடக்கின்றன. ஸ்ரீதேவி அந்த வீட்டுக்குள் உண்மையைக் கண்டுபிடிக்கும் பகுதியில் வசனம் குறைந்து, கதவும் அறையும் இளையராஜாவின் இசையுமே கதையைச் சொல்கின்றன.

பாலு மகேந்திராவின் ‘மூடுபனி’ (1980) இன்னும் அடக்கமானது. இயற்கை வெளிச்சத்தையே பெரிதும் நம்பியது. ஊட்டிப் பனியும் ஒரு வீடும் அதற்குப் போதுமாயின. பிரதாப் போத்தனின் சந்துரு முகமூடி போடுவதில்லை. கூச்ச சுபாவமுள்ள, படித்த இளைஞனாகவே வருகிறான். பயம் அதனால்தான் கூடுகிறது.

சிக்கனத்தின் உச்சம் மணிவண்ணனின் ‘நூறாவது நாள்’ (1984). பன்னிரண்டே நாளில் எடுத்ததாகத் திரையுலகில் சொல்வார்கள். கதையின் மூலம் லூசியோ ஃபுல்சியின் 1977ஆம் ஆண்டு இத்தாலியப் படம். கொலை கனவாக முன்கூட்டியே தெரிவதும், சுவருக்குள் மறைத்த பிணமும் அங்கிருந்து வந்தவை. நாயகனாகப் பழகிப்போன மோகனைச் சந்தேகிக்கத் தோன்றாது என்பதையே மணிவண்ணன் பொறியாக்கினார். மொட்டைத் தலையும் கண்ணாடியுமாக வந்த சத்யராஜுக்கு வசனமே அதிகம் தேவைப்படவில்லை. அந்த உருவம்தான் சுவரொட்டி, அதுவே விளம்பரம். கையில் காசில்லாத படத்துக்கு இதைவிட மலிவான நட்சத்திரம் கிடைக்காது.

இந்தப் படங்களின் பலம் முழுவதும் பற்றாக்குறையில் பிறந்தது. செட் போடப் பணமில்லாததால் ஒரே வீட்டைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். பார்ப்பவருக்கு அந்த வீட்டின் படிக்கட்டும் தாழ்ப்பாளும் பழக்கமாகி, அடுத்த முறை கதவு திறக்கும்போது நெஞ்சு படபடத்தது. ரத்தம் காட்டும் தந்திரங்களுக்குச் செலவழிக்க முடியாததால் நிழலும் ஓசையும் அந்த வேலையைச் செய்தன. புதிய நடிகர்களுக்கும் இளம் இயக்குநர்களுக்கும் இவை வாசல் திறந்தன.

குறைகளில் பெரியது, பெண்ணைப் பற்றிய பார்வை. மேற்கத்தியப் படங்களிலும் பெண்தான் அதிகம் சாகிறாள், ஆனால் பல படங்களில் கடைசியில் பிழைத்து எதிர்த்து நிற்பவளும் ஒரு பெண்ணே. தமிழில் செத்தவளின் மேலேயே பழியும் விழுந்தது: ஒழுக்கம் தவறியவள், ஏமாற்றியவள், அதனால் கொல்லப்பட்டாள். கொலைகாரனின் பிள்ளைப்பருவக் கதை வந்ததும் படம் அவன் பக்கம் சாய்ந்துவிடுகிறது. மனநோய் பற்றிய அறியாமையும் இதனோடு சேர்ந்தது. நோயாளி என்றாலே கத்தி எடுப்பவன் என்ற எண்ணத்தை இப்படங்கள் வளர்த்தன. வெளிநாட்டுக் கதையை மூலம் சொல்லாமல் எடுத்தாண்டதும், திகிலை நடுவில் நிறுத்திவிட்டுப் பாட்டுக்கும் தனி நகைச்சுவைக்கும் போனதும் சில்லறைக் குறைகள்.

இவ்வகை தமிழில் தொடர்ந்து வேர்விடாமல் போனதற்குக் கணக்குவழக்கும் ஒரு காரணம். ‘ஏ’ சான்றிதழ் பெற்ற படத்தை அப்படியே தொலைக்காட்சியில் போட முடியாது. ஆகவே சாட்டிலைட் உரிமைப் பணம் குறைந்தது. 2011இல் தமிழக அரசு கேளிக்கை வரிவிலக்குக்கு ‘யு’ சான்றிதழை நிபந்தனையாக்கியதும் கத்தி எடுத்த படத்துக்கு அந்தச் சலுகையும் கைநழுவியது. அதே ஆண்டு கௌதம் வாசுதேவ் மேனன் பின்னணி இசையே இல்லாமல் ‘நடுநிசி நாய்கள்’ எடுத்தார். துணிச்சல் இருந்தது, பழைய காரணம் சொல்லும் வியாதியும் இருந்தது. மக்கள் காசு கொடுத்தது ‘காஞ்சனா’ மாதிரியான பேய்ச் சிரிப்புப் படங்களுக்கு. ‘ராட்சசன்’ (2018), மிஷ்கினின் ‘சைக்கோ’ (2020) ஆகியவை கொலைகாரனை மீண்டும் கொண்டுவந்தன, ஆனால் அவை ஓரளவு பணம் போட்டு எடுத்த துப்பறியும் படங்கள். ஒரு வீட்டையும் ஒரு விளக்கையும் மட்டும் நம்பிய வகையில் தமிழில் இன்றும் தேறுபவை ‘நடு இரவில்’, ‘மூடுபனி’, ‘நூறாவது நாள்’ ஆகிய மூன்றே. அவற்றிலும் குற்றத்துக்குப் பெண்ணைக் காரணம் காட்டாமல் தப்பித்தது பாலசந்தரின் படம்.