வேனிற் செலவும் தண்ணீர்ப் பந்தலும்

கடுங்கோடையில் வழிச்செல்வோர் தம்மைக் காத்துக்கொண்ட முறையினை ஆராயுமிடத்துச் சிலப்பதிகாரப் புறஞ்சேரியிறுத்த காதை நமக்குப் பெருந்துணை புரிகின்றது. கண்ணகி கதிரவன் கொடுமையைப் பொறாள் எனக் கண்ட கோவலன், பகற்செலவை விடுத்து இரவிற் செல்வோம் என்று கவுந்தியடிகளிடம் கூறுகின்றான். இதனைக் காவிய அணியெனக் கொள்வாருமுளர். யாம் அங்ஙனம் கருதுகின்றிலேம். பாண்டியன் காக்கும் நாட்டில் கொடுவிலங்கும் பிறவுயிரை நலியா என்பதையே அவன் காரணமாகக் காட்டுதல் நோக்கத்தக்கது. காவலற்ற நாட்டில், வெயிலுக்கு அஞ்சி இரவில் நடப்பார் விலங்குக்கும் ஆறலைகள்வர்க்கும் இரையாவரன்றோ? எனவே, வெப்பத்தினின்று தப்புதல் தனியொருவர் மதியால் மட்டும் அமைவதன்று. செங்கோலையும் அது வேண்டி நின்றது.

பகலில் நடந்தேயாக வேண்டியவர்க்கு அறம் உதவிற்று. அப்பூதியடிகள் திருநாவுக்கரசர் பெயரால் திங்களூரில் அமைத்த தண்ணீர்ப் பந்தலை 12-ஆம் நூற்றாண்டினரான சேக்கிழார் விரித்துரைக்கின்றார். மக்கள் இடையறாது செல்லும் வழிக்கரையில், நிழலும் குளிர்ச்சியும் ஒருங்கே தந்து அது நின்றது.