முதுகுத் தசைகளும் அவற்றின் நரம்புகளும்

முதுகுத் தசைகளைப் பற்றி விரிவாக எழுதிவைத்த பண்டைய மருத்துவர் காலன். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் பெர்கமம் நகரில் வாள்வீரர்களுக்கு வைத்தியம் பார்த்துவிட்டு ரோமுக்குப் போனவர். மனித உடலை அறுக்க அங்கே வழியில்லை. குரங்கையும் பன்றியையும் அறுத்தே கற்றார். உயிருள்ள விலங்கின் தண்டுவடத்தை வெவ்வேறு மட்டங்களில் வெட்டி, வெட்டுக்குக் கீழுள்ள பகுதி செயலிழப்பதைக் காட்டினார். தசையை இயக்குவது நரம்பு என்பது அப்போதே தெரிந்தது. முதுகின் எந்தத் தசைக்கு எந்த நரம்பு என்பது தெளிவாகத்தான் நெடுங்காலம் பிடித்தது.

அதற்கு நடைமுறைக் காரணமும் உண்டு. 1316இல் பொலோன்யாவில் மொண்டினோ எழுதிய உடலறுப்புக் கையேடு வயிற்றில் தொடங்குகிறது. முதலில் அழுகுவது குடல். மார்பு, தலை என்று போய்க் கைகால்களில் முடிகிறது. மல்லாத்திக் கிடத்திய பிணத்தில் முதுகுக்கு முறை வருவதற்குள் உடல் கெட ஆரம்பித்துவிடும்.

1543இல் வெசாலியஸ் பாசல் நகரில் அச்சிட்ட பெருநூல் இந்தக் குறையைத் தீர்த்தது. அதிலுள்ள தசைப் படங்களில் ஒன்பதாவதில் உருவம் முதுகைக் காட்டி நிற்கிறது. கழுத்திலிருந்து தோள்வரை விரியும் ட்ரபீசியஸும், இடுப்பிலிருந்து கைக்கு ஏறும் லாட்டிஸ்மஸ் டார்சியும் அதில் முழுதாகத் தெரிகின்றன. அடுத்தடுத்த படங்களில் அடுக்கடுக்காகத் தசைகள் உரிக்கப்பட்டு, கடைசியில் முதுகெலும்பை ஒட்டிய தசைகள் வெளிப்படுகின்றன. அழகிலும் துல்லியத்திலும் அதற்கு முன் அப்படி ஒன்று வந்ததில்லை. ஆனால் தசைகள் இரண்டாம் பாகத்தில், நரம்புகள் நான்காம் பாகத்தில். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் வேலை பின்வந்தவர்களுக்கு மிஞ்சியது.

1664இல் தாமஸ் வில்லிஸ் வினோதமான ஒரு நரம்பை விவரித்தார். கழுத்துத் தண்டுவடத்தில் பிறந்து, மண்டையோட்டுக்குள் ஏறி, மறுபடி வெளியே இறங்கித் தோள்பக்கம் போகிறது அது. முதுகில் பரந்து கிடக்கும் ட்ரபீசியஸை இயக்குவது இதுதான். இன்று பதினோராவது மூளை நரம்பாக எண்ணப்படுகிறது.

1811இல் சார்லஸ் பெல் தொடங்கிவைத்த கேள்வியை 1822இல் பிரான்சுவா மஜாந்தி நாய்க்குட்டிகளில் சோதித்து முடித்தார்: தண்டுவட நரம்பின் முன்வேர் அசைவுக்கு, பின்வேர் உணர்வுக்கு. மாணவர்கள் இன்றும் தடுமாறும் இடம் இது. வேர் வேறு, கிளை வேறு. இரு வேர்களும் ஒன்றாகக் கலந்த பிறகே நரம்பு முன்கிளை, பின்கிளை என்று பிரிகிறது. இரண்டிலும் அசைவும் உணர்வும் உண்டு.

இந்தக் கிளைகளை வைத்துத்தான் முதுகு இரண்டாகப் பிரிந்தது. பின்கிளையால் இயங்குபவை முதுகின் சொந்தத் தசைகள்: எரெக்டர் ஸ்பைனே, மல்டிஃபிடஸ் முதலியவை. லாட்டிஸ்மஸ் டார்சிக்கும் ராம்பாய்டுகளுக்கும் நரம்பு வருவது முன்கிளைகளிலிருந்து. கருவில் கையோடு சேர்ந்து உருவாகிப் பிறகு முதுகில் படர்ந்தது லாட்டிஸ்மஸ் டார்சி. அதன் நரம்பும் கழுத்திலிருந்து கூடவே நீண்டு வந்தது. இருக்கும் இடத்தை நம்புவதைவிட நரம்பை நம்புவதே மேல்.

1955இல் ஃப்ளாய்டும் சில்வரும் தசையின் மின்னோட்டத்தைப் பதிவுசெய்து, முழுதாகக் குனிந்தவரின் எரெக்டர் ஸ்பைனே ஓய்ந்துவிடுவதைக் காட்டினார்கள். அந்நிலையில் பாரத்தை முதன்மையாகத் தாங்குபவை பிணைநார்கள். 1968இல் வில்ட்ஸ், மல்டிஃபிடஸை எலும்பிலிருந்து உரிக்காமல் அதற்கும் பக்கத்திலுள்ள லாங்கிசிமஸ் தசைக்கும் நடுவே புகுந்து அறுவை செய்யும் வழியை வெளியிட்டார். அந்த வழியின் அருமை 1980களில் போக்டுக், மாக்கின்டாஷ் ஆய்வுகளால் இன்னும் விளங்கியது: இடுப்புப் பகுதியில் ஒரு முள்ளெலும்பிலிருந்து இறங்கும் மல்டிஃபிடஸ் இழைகளுக்கு, அந்த எலும்புக்குக் கீழே வெளிவரும் நரம்பின் பின்கிளை மட்டுமே ஆதாரம். அது அறுபட்டால் அந்த இழைகள் மெலிந்துபோகும்.