தமிழ்நாட்டில் சாதி மறுப்புக் கல்வி

பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை என்பதைப் பாடத்தாலும் பள்ளி நடைமுறையாலும் பிள்ளைகளுக்கு உணர்த்தும் முயற்சியே சாதி மறுப்புக் கல்வி. அமெரிக்காவில் கார்ட்டர் உட்சன் 1926இல் தொடங்கிய கறுப்பின வரலாற்று வாரம், பாடநூல்கள் விட்டுவிட்ட வரலாற்றை வகுப்பறைக்குக் கொண்டுவந்தது. தமிழ்நாட்டிலோ முதல் போராட்டம் வகுப்பறைக்குள் நுழைவதற்கே நடந்தது.

கர்னல் ஆல்காட் 1894இல் சென்னையில் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் திறந்தார். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழ், சாதியற்ற பூர்வ பௌத்த வரலாற்றை ஒடுக்கப்பட்ட மக்களிடம் கொண்டுசென்றது. பின்னர் அரசின் தொழிலாளர் துறை அவர்களுக்கெனத் தனிப் பள்ளிகள் நடத்தியது. அவற்றின் வழிவந்தவையே இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள்.

சேர்ந்து படித்தாலும் சேர்ந்து உண்ண முடியவில்லை. வ.வே.சு. ஐயர் சேரன்மாதேவியில் நடத்திய குருகுலத்தில் பிராமணச் சிறுவர் இருவருக்குத் தனிப் பந்தி போடப்பட்டது. காங்கிரஸ் நிதி பெற்ற நிறுவனத்தில் இது நடக்கலாமா என்று வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் கேட்டார்கள். 1925இல் தமிழகமே அதைப் பற்றிப் பேசியது.

மதிய உணவுக்குத் தனி வரலாறு உண்டு. 1920இல் சென்னை ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் நீதிக்கட்சி தொடங்கியதை, காமராசர் 1956இல் மாநிலமெங்கும் விரித்தார். பசிக்காக வந்த திட்டம், எல்லாச் சாதிப் பிள்ளைகளையும் ஒரே வரிசையில் உட்கார வைத்தது.

ஆனால் பள்ளியில் படிந்த பழக்கத்தை வீடு அழித்துவிடக்கூடும். 2023 செப்டம்பரில் எட்டயபுரம் அருகே உசிலம்பட்டிப் பள்ளியில், பட்டியல் சாதிப் பெண் சமைத்த காலை உணவைப் பிள்ளைகள் உண்ணக் கூடாதென்று பெற்றோர் சிலர் தடுத்தனர். கனிமொழி எம்.பி.யும் அமைச்சர் கீதா ஜீவனும் அங்கே சென்று பிள்ளைகளோடு அமர்ந்து சாப்பிட்டனர்.

பெரம்பலூர் மாவட்டம் செட்டிகுளத்துப் பிள்ளைக்கும் சென்னைப் பிள்ளைக்கும் அரசுப் பாடநூலின் முன்பக்கம் ஒன்றுதான்: தீண்டாமை பாவம், குற்றம், மனிதத்தன்மையற்றது என்று அது அறிவிக்கிறது. 2022 முதல் அம்பேத்கர் பிறந்தநாளையொட்டிச் சமத்துவ உறுதிமொழியும் எடுக்கப்படுகிறது. அச்சிட்ட அறிவிப்பு மட்டும் போதவில்லை. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர்கள் கையில் கட்டுவதைத் தடுக்கச் சொல்லி 2019இல் பள்ளிக் கல்வித் துறை சுற்றறிக்கை அனுப்பவேண்டி வந்தது.

2023 ஆகஸ்ட் 9 அன்று நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் சக மாணவர்களால் வெட்டப்பட்டனர். அதையடுத்து அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. பள்ளிப் பெயர்களில் சாதி வேண்டாம், அகர வரிசையில் மாணவர்களை அமர்த்துங்கள், வருகைப் பதிவேட்டில் சாதி தெரியக் கூடாது, துறைவாரியாகப் பிரிந்த பள்ளிகளை ஒரே நிர்வாகத்தின்கீழ் கொண்டுவாருங்கள் என்பவை அதன் பரிந்துரைகளில் சில.