புல்லினத்தின் தயிர்: ஆட்டுத்தயிரும் அதற்கு வாய்க்காத பெயரும்

தமிழில் ‘தயிர்’ என்று கேட்டவுடன் மனத்தில் எழுவது பசுந்தயிர். எருமைத்தயிரும் அச்சொல்லுக்குள் எளிதாக அடங்கிவிடுகிறது. ஆட்டுப்பாலில் உறைந்ததைச் சொல்ல வேண்டுமானால் மட்டும் ‘ஆட்டு’ என்னும் அடையைச் சேர்த்தாக வேண்டும். அடை பெறாத சொல் இயல்பானதையும், அடை பெற்ற சொல் அதிலிருந்து விலகியதையும் குறிப்பது மொழிகளின் பொது இயல்பு. ஆனால் சொல்லில் விலகி நிற்பது வாழ்க்கையிலும் விலகி நின்றதா என்பது தனியே ஆராய வேண்டிய கேள்வி. ஆட்டுத்தயிரைப் பொறுத்தவரை சான்றுகள் வேறொன்றைச் சொல்கின்றன. தென்னிந்திய மேய்ச்சல் நிலங்களில் ஆட்டுப்பாலைத் தோய்ப்பதும் கடைவதும் நெடுங்காலம் நடந்த அன்றாடத் தொழில். அத்தொழிலுக்குத் தனிப்பெயர் அமையவில்லை. அதனாலேயே அது கணக்கிலும் வரலாற்றிலும் மங்கிப்போயிற்று.

இதனைப் பேசுவதற்குப் பொருத்தமான நிலப்பகுதி கௌதள்ளி. கொள்ளேகாலத்திலிருந்து ஹனூர் வழியாக மலை மாதேஸ்வரன் மலைக்குச் செல்லும் சாலையில் இவ்வூர் உள்ளது. 1956 நவம்பர் 1 வரை கொள்ளேகாலம் வட்டம் சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. மொழிவழி மாநிலப் பிரிவினையின்போது அது மைசூரு மாவட்டத்தோடு இணைந்தது. 1997இல் சாமராஜநகர் மாவட்டம் உருவானபோது அதன் பகுதியாயிற்று. தமிழும் கன்னடமும் ஒரே சந்தையில் புழங்கும் இந்த மலையடிவாரத்தில், ஆடு என்ற விலங்கும் அதன் பாலும் இரு மொழிகளில் எவ்வாறு பெயர் பெற்றன என்பதை அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

முதலில் தமிழ். தொல்காப்பிய மரபியல் ‘யாடு’ என்றே இவ்விலங்கைக் குறிக்கிறது. யாறு ஆறானது போல யாடு ஆடாயிற்று. ஆண் யாட்டுக்கு மோத்தை, தகர், உதள், அப்பர் என நான்கு பெயர்களை மரபியல் தருகிறது. மூடு, கடமை என்னும் இரண்டு பெண்பாற் பெயர்களும் யாட்டுக்கே உரியவை என்கிறது. குட்டிக்கு மறி என்ற பெயர் உண்டு. ஆக, விலங்குக்குப் பெயர்ப் பஞ்சமில்லை. ஆனால் அதன் பாலிலிருந்து பெறும் தயிர், மோர், வெண்ணெய், நெய் ஆகிய எதற்கும் ஆட்டுக்கே உரிய பெயர் வழங்கவில்லை. உறை, பிரை என்ற தோய்ப்புச் சொற்களும் எந்த விலங்கின் பாலுக்கும் பொதுவானவை.

கன்னடத்திலும் நிலைமை இதுவே. ஆடு, மேக்கெ என்பன வெள்ளாட்டையும், குரி என்பது செம்மறியையும் சுட்டும். தமிழில் ‘ஆடு’ என்ற ஒரே சொல் இரண்டையும் தழுவும். வேறுபடுத்த வெள், செம்மறி என்னும் அடைகள் வேண்டும். கன்னடம் இவ்விடத்தில் கூடுதல் நுட்பம் காட்டினாலும், மொசரு என்ற தயிருக்கும், மஜ்ஜிகெ என்ற மோருக்கும், ஹெப்பு என்ற உறைமோருக்கும் விலங்கு வேறுபாடு காட்டுவதில்லை. இரு மொழிகளுக்கும் விலங்கு தெரியும். கலயத்துக்குள் சென்ற பின் அது எதன் பால் என்பதைச் சொல் மறந்துவிடுகிறது.

இந்த மறதிக்குப் பின்னால் ஒரு தரவரிசை இருப்பதை முல்லைக்கலி காட்டுகிறது. கலித்தொகையின் அப்பகுதியில் ஆயர் ஒரே குழுவினர் அல்லர். பசு வைத்திருப்போர் கோவினத்தார் அல்லது நல்லினத்தார். எருமை வைத்திருப்போர் கோட்டினத்தார். ஆடு வைத்திருப்போர் புல்லினத்தார். ஒரு பாடலில், தன்னை நெருங்கிப் பேசும் இளைஞனிடம் பெண்ணொருத்தி, அவன் புல்லினத்து ஆயன் என்றும், தன் உறவினரோ குடஞ்சுட்டு நல்லினத்து ஆயர் என்றும் வேறுபாட்டை நினைவூட்டுகிறாள். ‘குடஞ்சுட்டு’ என்பது பசுவுக்கான பெயர். குடம் நிறையக் கறப்பது என்னும் கருத்தில் அமைந்தது. இங்கே குடம் வெறும் பாத்திரமாக நிற்கவில்லை. தகுதியின் அளவுகோலாக நிற்கிறது. ஆட்டின் கறவை குடத்தை நிரப்பாது. எனவே நல் என்ற அடைக்கு எதிரே புல் என்ற அடை அதற்கு வாய்த்தது. புன்மையோடு தொடர்புடைய அச்சொல் மந்தையிலிருந்து மேய்ப்பவனுக்குத் தாவி, பெண் கேட்கும் உரிமை வரை நீள்கிறது.

இதற்கு மறுபுறத்தைப் பெரும்பாணாற்றுப்படையில் காணலாம். தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய அந்நூலில் ஆயர் குடியிருப்பு ஒன்று வருகிறது. முள்வேலி சூழ்ந்த அதன் முற்றத்தில் தங்குபவை துருவையும் வெள்ளையும், அதாவது செம்மறியும் வெள்ளாடும். அக்குடியிருப்பில் விடியலுக்கு முன்னரே ஒருத்தி உறையிட்டுத் தோய்ந்த தயிரைக் கடைகிறாள். மத்தின் ஓசை புலியின் குரலோடு ஒப்பிடப்படுகிறது. பின்னர் மோர்ப்பானையைத் தலையில் சுமந்து சென்று விற்று, தானியம் பெற்று வந்து குடும்பத்தை உண்பிக்கிறாள். நெய்யின் விலைக்குப் பொன் பெறாமல் எருமையையும் பசுவையும் வாங்குகிறாள் என்பது அடுத்த செய்தி.

இக்காட்சியை நேராகப் படித்தால் ஒரு பொருளியல் வரிசை தெரிகிறது. கிடையில் நிற்பவை ஆடுகள், கடையப்படுவது தயிர், விற்பனையில் வருவது மோரும் நெய்யும், அவ்வருவாயில் சேர்வது பெருங்கால்நடை. ஆட்டுப்பால்தான் கடையப்பட்டது என்று பாடல் வெளிப்படையாகக் கூறவில்லை. ஆயினும் வேலிக்குள் பெயர் சுட்டப்பட்ட விலங்குகள் அவ்விரண்டே. எருமையும் பசுவும் இனி வாங்கப்பட வேண்டியவை. புல்லினத்திலிருந்து நல்லினத்துக்கு ஏறும் படியாகத் தயிர்க்கலயமும், அதைக் கடையும் பெண்ணின் உழைப்பும் இருந்தன எனக் கொள்ள இடமுண்டு.

சங்க நூல்கள் குறிப்பாக உணர்த்துவதைச் சோழர் கால நந்தா விளக்குக் கல்வெட்டுகள் எண்களில் தருகின்றன. கோயிலில் ஒரு விளக்கு இரவும் பகலும் எரிய நாள்தோறும் ஓர் உழக்கு நெய் தேவை. அதற்குக் கொடையாளர் 96 ஆடுகளை வழங்குவது பெருவழக்கு. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டுகளின்படி ஒரு விளக்குக்கு 96 ஆடுகள், அல்லது 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள். இந்த ஆடுகளைப் பெற்ற மன்றாடிகள் என்னும் இடையர், அவற்றைப் பேணி நெய்யளக்கக் கடமைப்பட்டனர். மந்தையில் முதிர்ந்ததும் இறந்ததும் போக, பிறந்த குட்டிகள் அவ்விடத்தை நிரப்பும், எண்ணிக்கை மாறாது. எனவே அவை ‘சாவா மூவாப் பேராடு’ எனப்பட்டன.

இது ஒரு வகை முதலீடு. ஆடு முதல், நெய் வட்டி. இடையர் எந்த விலங்கின் நெய்யையும் அளந்திருக்கலாம் என்ற எதிர்வாதம் எழுவது இயல்பு. ஆனால் 6:3:1 என்ற விகிதமே ஆடு, பசு, எருமை மூன்றையும் ஒரே நெய்யளவைக்குள் கொண்டுவந்து ஒப்பிட்ட கணக்கு. ஆட்டிலிருந்து நெய் பெறும் வழக்கமே இல்லாத சமூகத்தில் அதனை நெய்க்கு ஈடான முதலாக வைப்பது பொருளற்றது. முல்லைக்கலி குடத்தால் அளந்து புறந்தள்ளியதைக் கல்வெட்டு உழக்கால் அளந்து சேர்த்துக்கொண்டது.

நெய் இருந்த இடத்தில் தயிர் இருந்தது என்பதற்குப் பாலின் இயல்பே காரணம். பசும்பாலைக் குளிர வைத்தால் ஏடு விரைவாக மேலெழும். ஆட்டுப்பாலில் கொழுப்புத் துளிகள் சிறியவை. அவற்றை ஒன்றுசேர்க்கும் புரதமும் அதில் செயற்படுவதில்லை. எனவே ஏடு எளிதில் பிரியாது. இயந்திரம் இல்லாத வீட்டில் ஆட்டுப்பாலிலிருந்து வெண்ணெய் எடுக்க உறுதியான வழி, பால் முழுவதையும் தோய்த்துத் தயிராக்கிக் கடைவதே. ஆகவே விளக்கில் எரிந்த ஆட்டுநெய் ஒவ்வோர் உழக்கும் ஒரு காலத்தில் ஆட்டுத்தயிராக இருந்திருக்க வேண்டும். நெய் கோயிலுக்குச் சென்றது; கல்லில் பதிந்தது. மோர் இடையர் வீட்டிலேயே குடிக்கப்பட்டது; எங்கும் பதியவில்லை.

இன்று வெள்ளாடு வளர்க்கும் வீட்டில் தயிர் தோய்ப்பவர் எதிர்கொள்ளும் சிக்கலும் இதே இயல்பிலிருந்து வருகிறது. ஆட்டுப்பாலில் கட்டியை இறுக்கும் ஒரு வகைக் கேசீன் புரதம் குறைவு. அதனால் தயிர் கத்தியால் வெட்டும்படி நிற்காது. அசைத்தால் குழையும், நீர் விடும். நாட்டு வெள்ளாடு குட்டிக்குப் போக ஒரு வேளைக்குத் தருவது ஒன்றிரண்டு ஆழாக்குப் பால். அதை அடுப்பில் நிதானமாகக் காய்ச்சிக் கால் பங்கு சுண்ட விடுவதும், விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பின் புளிக்காத உறைமோர் சிறிது விடுவதும், மண்கலயத்தில் ஊற்றி அசையாமல் வைப்பதும் அனுபவம் தந்த தீர்வுகள். சுண்டினால் புரதம் செறியும். மண்கலயம் மிகுதி நீரை உறிஞ்சும். பசும்பாலை விடச் சற்று நீண்ட நேரம் வைத்தாலும், புளிப்பு ஏறும் முன் எடுத்துவிட வேண்டும். ஆட்டுவாடை என்று ஒதுக்கப்படும் மணத்துக்குக் காரணமான கொழுப்பு அமிலங்களுக்கு, ஆட்டைக் குறிக்கும் ‘காப்ரா’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்தே வேதியியல் பெயர் சூட்டியது. கிடாயை ஒதுக்கிக் கட்டுவதாலும், கறந்தவுடன் காய்ச்சுவதாலும் அவ்வாடை பெரிதும் குறையும். ஐரோப்பிய அறிவியல் ஆட்டின் பெயரைப் பதித்த இடத்தில், தமிழ் அடுக்களை பெயரில்லாத ஒரு நுட்பத்தைக் கைவழியாகக் காத்துவந்தது.

மருத்துவ நூல்கள் இந்த மௌனத்துக்கு விதிவிலக்கு. சுசுருத சங்கிதை ஆட்டுத்தயிரைத் தனியே எடுத்து, எளிதில் செரிப்பது என்று வகைப்படுத்துகிறது. பதார்த்த குண சிந்தாமணி முதலான தமிழ் நூல்களும் பாலின் குணத்தை விலங்குதோறும் பிரித்துக் கூறும் மரபைப் பின்பற்றுகின்றன. நோயாளிக்கும் குழந்தைக்கும் ஆட்டுப்பால் என்ற இன்றைய எண்ணம் இம்மரபின் நீட்சி. இதிலும் ஓர் ஒடுக்கம் உண்டு: மருந்தாக ஏற்கப்பட்ட பொருள் உணவு என்ற பட்டியலிலிருந்து மெல்ல நீங்கிவிடுகிறது.

சொல் பொருளை எவ்வளவு மறைக்கும் என்பதற்குக் காந்தியின் வாழ்வில் தெளிவான எடுத்துக்காட்டு உள்ளது. 1912இல் தென்னாப்பிரிக்காவின் டால்ஸ்டாய் பண்ணையில் அவர் பாலைத் துறந்தார். 1919இன் தொடக்கத்தில் கடும் நோயிலிருந்து மீண்டுவந்தபோது, விரதம் ஆட்டுப்பாலைத் தடுக்காதே என்று கஸ்தூர்பா எடுத்துரைத்தார். விரதம் பூண்டபோது தம் மனத்தில் இருந்தவை பசுவும் எருமையுமே என்ற காரணத்தால் காந்தி இசைந்தார். ஆயினும் ‘பால்’ என்னும் சொல் இயல்பாக எல்லா விலங்கின் பாலையும் தழுவும். எழுத்தைக் காத்து உட்பொருளைக் கைவிட்டோம் என்ற உறுத்தல் தம்மை விட்டு நீங்கவில்லை எனச் சத்திய சோதனையில் பதிவு செய்தார். அடை பெறாத சொல்லுக்குள் ஆடு அடங்குமா என்ற கேள்வி அங்கே அறச்சிக்கலாகவே எழுந்தது.

மீண்டும் கௌதள்ளிப் பகுதிக்கு வருவோம். தென் கர்நாடகத்தில் செம்மறி மேய்ப்பைக் குலத்தொழிலாகக் கொண்ட குருபர், தங்கள் சமய மரபை ‘ஹாலுமத’ என்று அழைக்கின்றனர். பால்நெறி என்பது அதன் பொருள். வெளியார் இம்மக்களைக் கம்பளியாலும் இறைச்சி ஆட்டாலும் அறிய, அவர்கள் தங்களைப் பாலால் அறிந்துகொள்கின்றனர். புல்லினம் என்பது பிறர் இட்ட பெயர் என்றால், ஹாலுமத அதற்கு மேய்ப்பரின் விடையாகத் தோன்றுகிறது.

இதே வட்டாரத்தில் காவிரி ஒடுங்கிப் பாயும் இடத்துக்குக் கன்னடத்தில் மேக்கெதாட்டு, அதாவது ஆடு தாண்டும் இடம் என்று பெயர். தமிழில் ஆடுதாண்டும் காவிரி என்றனர். இன்று செய்தித்தாள்களில் அது ‘மேகதாது’. படிப்போர் காதில் ஒலிப்பது மேகம். பெயருக்குள் நின்ற ஆடு ஒலிமாற்றத்தில் மறைந்துவிட்டது.

நிலத்திலிருந்தும் ஆடு நீங்கிவருகிறது. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச்சட்டத்தின் வழியே ஒதுக்குக் காடுகள் உருவானபோது, தளிரைக் கடிக்கும் வெள்ளாடு காட்டின் பகை என்ற கருத்து வன நிருவாகத்தில் வேரூன்றியது. 1987இல் காவிரி வனவிலங்குச் சரணாலயமும், 2013இல் மலை மாதேஸ்வரா வனவிலங்குச் சரணாலயமும் அறிவிக்கப்பட்டன. 2025 ஜூனில் ஹூக்யம் சரகத்தில் ஒரு தாய்ப்புலியும் நான்கு குட்டிகளும் நஞ்சால் இறந்தபின், காட்டு மேய்ச்சலைத் தடுக்கும் நடவடிக்கைகள் தீவிரமாயின. புலிகளின் இறப்பு பெருந்துயரம். காட்டைக் காப்பதன் தேவையும் மறுக்க முடியாதது. ஆனால் மேய்ச்சல் குறித்த விவாதங்களில் ஆடு இறைச்சி விலையாக மட்டுமே எண்ணப்படுகிறது. வீட்டுக் கலயத்தில் தோயும் பால், பெண்களின் கையில் புழங்கும் சிறு வருவாய், குழந்தையின் மோர்ச்சோறு ஆகியவை இழப்பீட்டுக் கணக்கில் இடம்பெறுவதில்லை. 1970இல் தொடங்கிய வெண்மைப் புரட்சியும் பசுவையும் எருமையையும் மையமாகக் கொண்டே கூட்டுறவுக் கொள்முதலை அமைத்தது. ஆட்டுப்பால் உற்பத்தியில் உலகில் முதலிடம் வகிப்பது இந்தியா. ஆயினும் நாட்டின் மொத்தப் பாலில் அதன் பங்கு ஏறத்தாழ 3 விழுக்காடுதான். அந்தச் சிறு விழுக்காட்டிலும் வீட்டுக்குள்ளேயே உண்ணப்படுவதை அளப்பது கடினம்.

சொற்களைக் கொண்டு வாழ்க்கையை மீட்டெடுக்கும் ஆய்வுகளுக்கு இதில் ஒரு பாடம் உண்டு. உணவுச் சொற்களைத் தொகுக்கும் களப்பணியாளர் ‘தயிருக்கு என்ன சொல்வீர்கள்?’ என்று கேட்டால் தயிர், மொசரு என்ற விடைகளோடு உரையாடல் முடிந்துவிடும். ‘எந்த விலங்கின் பாலைத் தோய்ப்பீர்கள், யார் தோய்ப்பார், மிகுந்த மோர் யாருக்குப் போகும்?’ என்று கேட்டால்தான் புல்லினத்தின் கலயம் வெளியே வரும். கௌதள்ளி போன்ற ஊர்களில் இரு மொழியும் பேசி, ஆடும் வளர்த்து, தயிரும் தோய்த்த தலைமுறை இன்னும் உள்ளது. அவர்களிடம் கேட்க வேண்டிய கேள்விகள் இவை. மேய்ச்சல் முற்றாக நின்றபின் கேட்டால் விடை சொல்ல ஆளிருக்காது.