ஜெர்மனியில் இயந்திரப் பொறியியல் பட்டப்படிப்பான வரலாறு

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை ஜெர்மன் நாடுகளில் இயந்திரம் செய்வது பட்டறைத் தொழில். அனுபவசாலி ஒருவரிடம் சில ஆண்டுகள் வேலைக்கு இருந்து, ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தைப் பார்த்து இன்னொன்றைச் செய்யப் பழகுவார்கள். பாரிசில் 1794இல் தோன்றிய எக்கோல் பாலிடெக்னிக் வேறு வழியில் போனது. அங்கே இயந்திரவியல் கணிதத்தின் ஒரு கிளை. அந்தச் சமன்பாடுகளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஒரு பல்சக்கரத்தின் பல் எவ்வளவு தடிப்பாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட முடியாது.

இந்த இடைவெளியை அடைத்தவர் ஆஸ்திரியாவில் பிறந்த ஃபெர்டினாண்ட் ரெட்டன்பாகர். 1841இல் கார்ல்ஸ்ரூ பாலிடெக்னிக்கில் பேராசிரியரான இவர், இயந்திர உறுப்புகளின் அளவுகளைக் கணக்கிட்டுத் தீர்மானிக்கும் சூத்திரங்களைத் தொகுத்து 1848இல் கையேடாக வெளியிட்டார். வடிவமைப்பாளருக்கு வேண்டிய அளவு கணிதம், அதற்கு மேல் வேண்டாம் என்பது அவர் அணுகுமுறை. பின்னாளில் மோட்டார் வண்டி செய்த கார்ல் பென்ஸ் 1860களின் தொடக்கத்தில் இங்கே படித்தவர்.

ரெட்டன்பாகரின் மாணவர் ஃபிரான்ஸ் ருலோ இன்னும் மேலே ஏறினார். சூரிச்சிலும் பின்னர் பெர்லினிலும் கற்பித்த அவர், எந்த இயந்திரத்தையும் ஒன்றோடொன்று பொருந்தி அசையும் உறுப்பு இணைகளின் சங்கிலியாகப் பிரித்துக் காட்டலாம் என்றார். அவருடைய இயக்கவடிவியல் நூல் 1875இல் வந்தது. மாணவர்கள் கையால் சுற்றிப் பார்க்க 800க்கு மேற்பட்ட மாதிரிகளையும் செய்ய வைத்தார். அவற்றில் ஒரு தொகுதியை அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் விலைக்கு வாங்கியது. கோட்பாடு அழகானதுதான். ஆனால் கொதிகலனில் எவ்வளவு நிலக்கரி வீணாகிறது, இரும்பு எந்தச் சுமையில் முறியும் என்ற கேள்விகளுக்கு அதில் பதில் இல்லை. தொழிற்சாலைக்காரர்கள் முணுமுணுத்ததில் நியாயம் உண்டு.

பெர்லினில் ருலோவோடு நேரடியாக மோதியவர் அங்கேயே பேராசிரியராக இருந்த அலோயிஸ் ரீட்லர். 1893 சிகாகோ கண்காட்சிக்குச் சென்ற அவர், அமெரிக்கக் கல்லூரிகளில் மாணவர்களே நீராவி இயந்திரத்தை ஓட்டி அளந்து பார்க்கும் ஆய்வுக்கூடங்களைக் கண்டார். ராபர்ட் தர்ஸ்டன் 1870களிலேயே ஸ்டீவன்ஸ் கல்லூரியில் தொடங்கிவைத்த வழக்கம் அது. ரீட்லர் திரும்பி வந்து அதையே ஜெர்மனியிலும் வலியுறுத்தினார். அடுத்த சில ஆண்டுகளில் ஜெர்மன் தொழில்நுட்பக் கல்லூரிகளில் இயந்திர ஆய்வுக்கூடங்கள் எழுந்தன.

முனைவர் பட்டத்துக்கான சண்டை வேறு. லத்தீன் படித்த பல்கலைக்கழகங்களின் கண்ணில் பொறியாளர் மேம்பட்ட கைவினைஞர்தான். 1899இல் ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் பிரஷ்யத் தொழில்நுட்பக் கல்லூரிகளுக்கு டாக்டர்-இஞ்ஜினியர் பட்டம் வழங்கும் உரிமை கொடுத்தார். பல்கலைக்கழகங்களைச் சமாதானப்படுத்த, அதை லத்தீனில் எழுதாமல் ஜெர்மனில் எழுத வேண்டும் என்று ஏற்பாடு! அதன் அடித்தளமாக நின்றது டிப்ளோம் படிப்பு. கணிதம், இயந்திரவியல் ஆகிய அடிப்படைகளுக்கு முதலில் ஓர் இடைத்தேர்வு, பிறகு சிறப்புப் பாடங்கள், கடைசியில் ஆய்வேடு. இவற்றோடு தொழிற்சாலையில் பல வாரம் கைவேலையும் கட்டாயம். அரம் பிடிக்காதவர் டிப்ளோம் பெற முடியாது. இளநிலை, முதுநிலை என்ற பிரிவு இதில் இல்லை. டிப்ளோம் முதுநிலைக்கு நிகராகவே மதிக்கப்பட்டது.

1959இல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு சென்னை ஐஐடி தொடங்கியபோது இந்த மரபின் ஒரு பகுதி கிண்டிக்கு வந்தது. முதல் ஆண்டில் சேர்ந்தவர்கள் 120 பேர். ஜெர்மன் பேராசிரியர்களோடு பட்டறைப் பயிற்சியாளர்களும் இயந்திரங்களும் வந்தன. இந்திய ஆசிரியர்கள் பயிற்சிக்கு ஜெர்மனி போனார்கள். பட்டங்களின் அமைப்பு மட்டும் ஆங்கிலேயர் வழிதான்: பி.டெக்., அதன்மேல் எம்.டெக்.

ஜெர்மனியும் பின்னர் அதே இரண்டடுக்கு முறைக்கு வந்தது. ஐரோப்பிய நாடுகளின் உயர்கல்வி முறைகளை ஒத்திசைக்கும் 1999 போலோன்யா உடன்பாட்டுக்குப் பிறகு பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் டிப்ளோமைக் கைவிட்டு இளநிலை, முதுநிலைப் பட்டங்களுக்கு மாறின. டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இயந்திரப் பொறியியலில் டிப்ளோமை இன்னும் வழங்குகிறது.