அது ஓடாதுப்பா!

பொறியியல் முதலாண்டு. தச்சுப் பட்டறை மூலையில சாக்கு போட்டு மூடின ஒரு மரக் கடைசல் லேத். "அது ஓடாதுப்பா"ன்னு சொல்லிட்டு, ஆளுக்கொரு கட்டையைக் கொடுத்து ஹாஃப் லேப் ஜாயின்ட் போடச் சொன்னாங்க. நாலு வருஷமும் சாக்கை யாரும் விலக்கவே இல்லை. நானும்தான்.

பள்ளி, கல்லூரிக்குள்ள பட்டறை எப்படி வந்ததுன்னு பின்னாடி தேடிப் படிச்சேன். 1868-ல மாஸ்கோ தொழில்நுட்பப் பள்ளியில விக்டர் டெல்லா-வோஸ் ஒரு முறை கொண்டுவந்தார். தச்சனுக்குக் கீழே வருஷக்கணக்கா எடுபிடியா இருக்க வேண்டாம். வேலையைச் சின்னச் சின்னப் பயிற்சியா பிரிச்சு, எளியதுல ஆரம்பிச்சு வகுப்புலயே கத்துக்கலாம். 1876 பிலடெல்பியா கண்காட்சியில அதைப் பார்த்து எம்.ஐ.டி. தலைவர் ஜான் ரங்கிள் அசந்துபோனார். 1880-ல செயின்ட் லூயிஸில் கால்வின் உட்வர்டின் கைத்தொழில் பள்ளி திறந்தது. 1917-ல ஸ்மித்-ஹியூஸ் சட்டம் வந்து, தொழிற்கல்விக்கு அமெரிக்க மத்திய அரசே பணம் கொடுத்தது. சின்ன ஊர்ப் பள்ளிகளுக்கும் வார்ப்பிரும்பு பேண்ட்சா, லேத் எல்லாம் போய்ச் சேர்ந்தது.

1983-ல 'எ நேஷன் அட் ரிஸ்க்' அறிக்கை. மொழி, கணக்கு, அறிவியல், சமூகவியல், கணினி - இந்த ஐந்தும்தான் அடிப்படைன்னு சொல்லிச்சு. பட்டறை அந்தப் பட்டியல்ல இல்லை. எனக்குச் சோறு போடுற கணினி இருக்கு :-) பல பள்ளிகள்ல பட்டறை கொஞ்சம் கொஞ்சமா சுருங்கிச்சு.

ஆனா அந்த மெஷின்கள் செத்துப்போகலை. மேல் துருவை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்ச்சா உள்ளே நல்ல இரும்பு. பழைய மெஷின்ல பேரிங்கா இருப்பது பாபிட்; ஐசக் பாபிட் 1839-ல காப்புரிமை வாங்கின வெள்ளீயக் கலவை. தேஞ்சுபோச்சுன்னா உருக்கி எடுத்துட்டு, தண்டைச் சுத்தி புதுசா ஊத்தி, சுரண்டிப் பொருத்தலாம். உதிரி பாகத்துக்காகக் காத்திருக்கணும்னு இல்லை. கடையே இல்லாத ஊர்ப் பள்ளிக்கு இதைவிட என்ன வேணும்?

ஒரு எச்சரிக்கை. பழசுன்னா எல்லாமே உசத்தின்னு இல்லை. பழைய இழைப்பு மெஷின்ல கத்தி பிடிக்கிற தலை சதுரமா இருக்கும். விரலை உள்ளே இழுத்துடும். உருளைத் தலை வந்த பிறகுதான் ஆபத்து குறைஞ்சது. சதுரத் தலை மெஷினைக் காட்சிக்கு வெச்சுக்கலாம், பசங்க கையில கொடுக்கக் கூடாது. மத்ததுக்கும் பெயின்ட் அப்புறம். பெல்ட் மூடி, ரம்பக் காப்பு, அவசர நிறுத்தப் பொத்தான் முதல்ல.

டெல்லா-வோஸ் வகுப்புக்குள்ள கொண்டுவந்தது மெஷினை மட்டும் இல்லை, "நீயும் கத்துக்கலாம்"ங்கிற நம்பிக்கையையும்தான். "அது ஓடாதுப்பா"ங்கிற வார்த்தை அதைத்தான் முதல்ல துருப்பிடிக்க வைக்குது. அன்னைக்கு அந்தச் சாக்கை விலக்கி, தண்டைக் கையால ஒரு சுத்து சுத்திப் பார்த்திருக்கலாம்.